ஆறு மணியில் தங்கும் துளி

உள்ளங்கையில் அடங்குகிற ஓர் இரும்புத் துண்டு என் மேசைமேல் இருக்கிறது. கடலடியில் போடுகிற எரிவாயுக் குழாய்க்காக இயந்திரம் வைத்துச் செய்து பார்த்த மாதிரிப் பற்றவைப்பு. அதைக் குறுக்கே அறுத்து, உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து மழமழவென்று ஆக்கி, நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹாலில் சில நொடி நனைத்து எடுத்திருக்கிறார்கள். வெல்டிங்காரர்கள் இதை மேக்ரோ என்பார்கள். குழாய் பதிக்கும் கப்பல்களில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்துவிட்ட ஓர் அண்ணன் கொடுத்தது. நாகல் நகர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். இப்போது அடிப்பது கேட்டும் கிரில்லும்தான். ஆனாலும் அந்தத் துண்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

அமிலம் பட்டதும் இரும்பு தன் கதையைக் காட்டிவிடுகிறது. இரண்டு பக்கமும் குழாயின் சுவர் ஒரே சாம்பல் நிறமாக நிற்கிறது. நடுவில் ஒடுக்கமான ஒரு தடம். அதற்குள் கீழிருந்து மேலாக வளைந்து வளைந்து அடுக்கடுக்காக ஏறும் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு 'பாஸ்', அதாவது தீ ஒரு முறை அந்த வழியே போனதன் தடயம். அடியில் இருப்பது ரூட். அது குழாயின் உள்பக்கம் ஒரு நூலிழை அளவு எட்டிப் பார்க்கிறது. அதன்மேல் ஹாட் பாஸ். பிறகு வரிசையாக ஃபில்லர்கள். உச்சியில் சற்றே அகன்று, சுவர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கிறது கேப். பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பாஸும் இரு சுவருக்குள்ளும் ஒரே அளவு கடித்து இறங்கியிருக்கிறது. இடப்பக்கம் எவ்வளவோ வலப்பக்கமும் அவ்வளவே. அந்தச் சமநிலையைத்தான் நான் மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். கையால் அடித்த மேக்ரோவையும் அவரிடம் பார்த்திருக்கிறேன். அதிலும் அழகு உண்டு, ஆனால் அது ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மாதிரி. இது கப்பலில் ராத்திரி மூன்று மணிக்கு அடித்தாலும் பகல் பன்னிரண்டுக்கு அடித்தாலும் இப்படியே வர வேண்டிய வேலை.

கடலில் குழாய் போடுவது எப்படி என்று ஒரு வரி சொல்லிவிட வேண்டும். கரையில் குழாயை ஒட்டி முடித்துக் கடலுக்கு இழுத்துப்போவது சிறு தூரத்துக்கு மட்டும் ஒத்துவரும். நீளமான வேலைக்குக் கப்பலே தொழிற்சாலை. 12 மீட்டர் நீளக் குழாய்கள் கப்பலில் வந்து இறங்கும். கப்பலின் வயிற்றுக்குள் நீளவாக்கில் ஒரு வரிசை, அதன் பெயர் ஃபயரிங் லைன். அதில் ஐந்தாறு நிலையங்கள். முதல் நிலையத்தில் ரூட்டும் ஹாட் பாஸும், அடுத்தடுத்தவற்றில் ஃபில்லர்கள், பிறகு கேப், பிறகு சோதனை, கடைசியில் இணைப்பின்மேல் துருக்காப்புப் பூச்சு. எல்லா நிலையமும் முடித்ததும் கப்பல் ஒரு குழாய் நீளம் முன்னே நகரும். அத்தனை இணைப்புகளும் ஒரு நிலையம் பின்னே தள்ளிப்போகும். கப்பலின் பின்பக்கம் நீண்டு சரிந்த ஒரு தாங்கி உண்டு, ஸ்டிங்கர் என்பார்கள். அதன்மேல் வளைந்து குழாய் நீருக்குள் இறங்கும். டென்ஷனர் என்ற பிடிப்பான்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டே இறக்கும்.

ஆல்சீஸ் நிறுவனத்தின் சாலிட்டேர் என்ற கப்பல் ஒரே நாளில் 9 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டிருக்கிறது. அதில் இரண்டு குழாய்களை முதலிலேயே ஒட்டி, 24 மீட்டர் துண்டாகத்தான் வரிசையில் ஏற்றுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு துண்டு. அந்த நான்கு நிமிடத்துக்குள் ஒவ்வொரு நிலையமும் தன் பங்கை முடித்தாக வேண்டும். ஒருத்தர் தாமதித்தால் கப்பலே நிற்கும். அதற்காக அவசரப்பட்டு ஓர் ஊசி ஓட்டையை விட்டுவிடவும் முடியாது. குழாய் நீருக்குள் இறங்கிய பிறகு அந்த இணைப்பை மேலே கொண்டுவருவது என்பது பெரும் செலவு, பெரும் கஷ்டம். வேகமும் பிழையின்மையும் ஒரே இடத்தில் நின்று ஒன்றையொன்று நெருக்குகிற வேலை இது. இயந்திரம் இங்கே வந்ததற்கு அதுதான் காரணம். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் தரைக் குழாய்களில் தானியங்கிப் பற்றவைப்பு இறங்கியது. பிறகு கடலுக்குப் போனது.

இனி நயம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். பெரும்பாலோர் தீப்பொறியைப் பார்ப்பார்கள். நான் முதலில் பெவலை, அதாவது குழாய் முனையைச் சீவியிருக்கும் விதத்தைப் பார்ப்பேன்.

குழாய் ஆலையிலிருந்து வரும்போது அதன் முனை 30 பாகை சாய்வில் சீவப்பட்டிருக்கும். இரண்டு முனையும் சேர்ந்தால் விரிந்த வி வடிவம். கப்பலில் அதை அப்படியே ஒட்டுவதில்லை. முனைச்சீவி இயந்திரம் ஒன்று குழாயின் வாய்க்குள் நுழைந்து, உள்ளே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுழலும் கத்திகளால் அந்தச் சாய்வை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு ஜே வடிவ முனையை உண்டாக்குகிறது. அடியில் சின்ன வளைவு, அதன்மேல் கிட்டத்தட்டச் செங்குத்தான சுவர். சாய்வு வெறும் சில பாகை. 25 மில்லிமீட்டர் கனமுள்ள குழாயில் வி வடிவத்தை நிரப்ப ஆகும் உலோகத்தில் பாதிக்கும் குறைவே இந்த ஒடுங்கிய தடத்துக்குப் போதும். உருக்க வேண்டியது குறைந்தால் நேரம் குறையும், குழாய்க்குள் இறங்கும் சூடும் குறையும். ஆனால் இத்தனை ஒடுக்கமான தடம் தவறை மன்னிக்காது. விரிந்த வி-யில் கம்பி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சமாளிக்கலாம். இங்கே அப்படி விலகினால் ஒரு பக்கச் சுவர் உருகாமலே நின்றுவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் நிரம்பியதாகத் தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது.

இந்த இடத்தில் திண்டுக்கல்காரனுக்கு ஊர்ப் பூட்டு ஞாபகம் வராமல் இருக்காது. கையால் செய்யும் மாங்காய்ப் பூட்டுக்குள் லிவர்கள் அடுக்காக இருக்கும். சாவி திரும்பும்போது ஒவ்வொரு லிவரும் தனக்கென்று வைத்த உயரத்துக்கு மட்டும் எழும்ப வேண்டும். ஒன்று அரை நூல் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. அரத்தை வைத்து ராவி ராவி அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அந்தத் தொழிலின் உயிர். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது இந்தக் கைக்குத்தான். குழாய் முனையில் கேட்பதும் அதே பொருத்தம்தான், அளவுதான் இன்னும் நுணுக்கம். இரண்டு குழாயும் நேருக்கு நேர் வரும்போது உள்சுவர் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நின்றால் அதற்கு ஹை-லோ என்று பெயர். கடலடியிலிருந்து மேலே ஏறி, அலையில் ஆடிக்கொண்டே இருக்கும் எழுகுழாய்களில் அந்த ஏற்ற இறக்கம் அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும் ஒப்பந்தங்கள்கூட உண்டு. எந்த ஆலைக் குழாயும் முழு வட்டமாக வராது. ஆகவே ஒவ்வொரு முனையையும் அளந்து, எந்தக் குழாய்க்கு எந்தக் குழாய் ஜோடி, எவ்வளவு திருப்பினால் இரண்டு கோணலும் ஒன்றோடொன்று இயைந்துபோகும் என்று முன்கூட்டியே பார்த்து வைக்கிறார்கள். தீ பற்றவைக்கும் முன்பே வேலையின் பாதி முடிந்துவிடுகிறது.

"மெஷின் என்ன தம்பி பண்ணும்? பெவல் கோணையா இருந்தா அதுவும் கோணையாத்தான் அடிக்கும்" என்றார் அந்த அண்ணன். இந்தத் தொழிலைப் பற்றி நான் கேட்டதில் இதைவிடச் சரியான பேச்சு இல்லை.

இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் குழாய்க்கு உள்ளே இருக்கும். அது வெறும் பிடிப்பான் மட்டும் அல்ல. ஒரு வகையில் அதைச் சுற்றிச் செப்புப் பட்டைகள் இருக்கும். ரூட் உருகும்போது கீழே ஒழுகாமல் அந்தச் செம்பு தாங்கும், சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் தான் உருகாது. ஆனால் தீ கொஞ்சம் அதிகமாக ஊடுருவி அந்தச் செம்பைத் தொட்டுவிட்டால், துளிச் செம்பு இரும்பில் கலந்து பின்னால் விரிசலுக்கு வழிசெய்யும். இன்னொரு வகை என்னை இன்னும் கவர்ந்தது. அதில் கிளாம்பிலேயே ஆறு அல்லது எட்டுச் சிறு பற்றவைப்புத் தலைகள் பொருத்தியிருக்கும். ரூட்டை உள்ளேயிருந்தே அடித்துவிடும். முதலில் பாதித் தலைகள் வலஞ்சுழியாக ஓடும், அவை முடித்ததும் மீதித் தலைகள் இடஞ்சுழியாக. மனிதன் புக முடியாத இருட்டுக் குழாய்க்குள் ஒரு முழு வட்டமும் இரண்டு நிமிடத்துக்குள் மூடிவிடுகிறது. வெளியே நிற்பவருக்குத் தெரிவது அந்த ஒல்லி இடைவெளியில் கசியும் வெளிச்சம் மட்டும்.

வெளிப்பக்க வேலைக்கு வருவோம். குழாயைச் சுற்றி ஓர் எஃகுப் பட்டை. அதன்மேல் ஊர்ந்து செல்லும் சிறு வண்டிக்கு 'பக்' என்று பெயர். அதில் டார்ச்சும் கம்பி ஊட்டும் கருவியும் இருக்கும். இரண்டு வண்டிகள் உச்சியில் தொடங்கி, ஒன்று வலப்பக்கமாகவும் ஒன்று இடப்பக்கமாகவும் இறங்கி அடியில் சந்திக்கும். வெல்டிங்காரர்கள் குழாயைக் கடிகாரமாகவே பேசுவார்கள். உச்சி பன்னிரண்டு மணி, பக்கம் மூன்று மணி, அடி ஆறு மணி.

இந்த அரைவட்டத்தில் புவியீர்ப்பு மூன்று முறை வேஷம் மாறுகிறது. பன்னிரண்டு மணியில் உருகிய இரும்பு தடத்துக்குள் சும்மா கிடக்கும். இறங்க இறங்க அது தீயை முந்திக்கொண்டு கீழே வழியப் பார்க்கும். மூன்று மணியில் அந்த ஆசை உச்சத்தில் இருக்கும். அப்போது வண்டி சற்று வேகமெடுத்தாக வேண்டும். உருகிய இரும்பு முந்திவிட்டால் தீ அந்தத் திரவத்தின்மேலேயே எரிந்துகொண்டிருக்கும். அடியில் உள்ள சுவரைத் தொடாது. பார்வைக்கு எல்லாம் நன்றாக இருக்கும், உள்ளே ஒட்டாமல் போயிருக்கும். ஆறு மணிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். உருகிய இரும்பு இப்போது தலைக்கு மேலே தொங்குகிறது. அது விழாமல் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் அதன் பரப்பு இழுவிசைதான். அதனால் அந்த உருகிய இரும்பின் குளத்தைச் சிறிதாக வைக்க வேண்டும், சூட்டைக் குறைக்க வேண்டும். ஃபில்லர் அடிக்கும்போது பக்கச் சுவர்கள் கைகொடுக்கும். கேப்புக்கு அந்தத் துணையும் கிடையாது. ஆறு மணிக் கேப்பு தொங்காமல் நிற்கிறதா என்பதை வைத்துத்தான் ஓர் ஆளை அளப்பார்கள். இயந்திரத்தையும் அப்படியே அளக்கிறார்கள்.

வண்டிக்குள் ஒரு சாய்வுமானி இருக்கிறது. தான் இப்போது எத்தனை மணியில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். ஒவ்வொரு நிலைக்கும் வேகம் எவ்வளவு, கம்பி எவ்வளவு, மின்னழுத்தம் எவ்வளவு, டார்ச் எவ்வளவு அகலம் ஆட வேண்டும், சுவரோரம் எத்தனை கண நேரம் தயங்கி நிற்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தயக்கம் நொடியில் ஒரு சிறு பங்குதான். அது இல்லையென்றால் நான் மேக்ரோவில் பார்க்கிற அந்த இருபக்கக் கடி இல்லை.

துளியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ரூட்டுக்குப் பயன்படும் ஒரு முறையில் கம்பியின் முனை உருகி, குளத்தைத் தொட்டு, மின்சாரம் நேரே பாயும். துளியின் கழுத்து ஒடுங்கி அறுபடப் போகிற அந்தக் கணத்தில் மின்னோட்டம் அதிகமாக இருந்தால் துளி வெடித்துப் பொறி சிதறும். ஆகவே கழுத்து அறுபடும் முன்பே மின்னோட்டத்தைச் சட்டென்று இறக்கிவிடுகிறார்கள். இதை மைக்ரோ நொடிக் கணக்கில் மின்கருவி கவனித்துச் செய்கிறது. பிறகு துளியைக் குளம் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறு மணி நிலையில் கம்பி கீழே, குளம் மேலே. அங்கேயும் துளி விழுவதில்லை, மேல்நோக்கி ஏறுகிறது. எடையை இழுவிசை வென்றுவிடுகிறது. ஒவ்வொரு நொடியும் இது பல பத்து முறை நடக்கிறது. இதை எழுதும்போதே எனக்கு மெய்சிலிர்க்கிறது.

தீயே கண்ணாகவும் இருப்பது இன்னொரு நயம். டார்ச் இடதும் வலதும் ஆடும்போது சுவரை நெருங்கினால் கம்பியின் நீட்சி குறைந்து மின்னோட்டம் சற்றுக் கூடும். அந்த ஏற்றம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் டார்ச் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கூடினால் வண்டி தன்னைத் தானே நகர்த்திக்கொள்ளும். தடத்தைப் பார்க்கத் தனியாக ஒரு கண் வேண்டாம், எரிகிற தீயே தடவிப் பார்த்துச் சொல்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஓர் ஆள், கையில் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியுடன், கறுப்புக் கண்ணாடி வழியே குளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். தேவைப்பட்டால் ஒரு மயிரிழை இடமோ வலமோ தள்ளுவார். அவர் பெரும்பாலும் முன்பு கையால் அடித்தவராகத்தான் இருப்பார்.

முடிந்த இணைப்பு சோதனைக்குப் போகும். அதே பட்டையின்மேல் இப்போது டார்ச்சுக்குப் பதிலாக மீயொலி அனுப்பும் கருவி ஊரும். ஜே வடிவச் சுவரை மேலிருந்து கீழாகப் பல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் அந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிற கோணத்தில் ஒலியை அனுப்புகிறார்கள். எங்கே ஒட்டவில்லை, எந்த உயரத்தில், எவ்வளவு நீளம் என்று திரையில் வண்ணக் கோடுகளாக வந்துவிடும். கருவியைச் சரிபார்க்க வைத்திருக்கும் மாதிரித் துண்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளைகளை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். அந்த மாதிரித் துண்டையும் கடைக்குப் போய் வாங்க முடியாது. அந்த வேலைக்கு வந்த அதே குழாயிலிருந்துதான் அறுக்க வேண்டும். ஏனென்றால் உருட்டிச் செய்த எஃகில் ஒலி எல்லாத் திசையிலும் ஒரே வேகத்தில் போவதில்லை. இத்தனை தூரம் யோசித்திருக்கிறார்கள் என்பதே ஒரு மரியாதைக்குரிய விஷயம்.

பால்டிக் கடலில் போட்ட நார்ட் ஸ்ட்ரீம் குழாய் 1,224 கிலோமீட்டர். ஒரு குழாய்ப் பாதைக்குச் சுமார் ஒரு லட்சம் குழாய்த் துண்டுகள். (2022-இல் அது வெடித்தது வேறு கதை, பற்றவைப்பின் தப்பு அல்ல.) நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதே முக்கால் சரி என்றாலும் ஒரு லட்சத்தில் 250 பழுது. ஒரே ஒரு பழுதுகூட நீருக்குள் போகக் கூடாது. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு என் மேக்ரோவைப் பார்த்தால்தான் அந்த இடவலச் சமநிலையின் மதிப்பு தெரியும்.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் அல்ல. 1974-இல் பம்பாய் ஹையில் எண்ணெய் கண்டுபிடித்த பிறகு நம் கடலடியிலும் குழாய்கள் ஓடத் தொடங்கின. வங்காள விரிகுடாவில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆர்-கிளஸ்டர் வயலில் 2020 டிசம்பரில் எரிவாயு வரத் தொடங்கியது. அங்கே கடலின் ஆழம் 2,000 மீட்டருக்கு மேல். அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேடைக்குக் கடலடிக் குழாய் வழியாகத்தான் வாயு வருகிறது. நமக்கு இன்னும் பக்கத்திலும் இதன் சொந்தங்கள் உண்டு. எண்ணெய் மேடைகளுக்கான பாகங்கள் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உருவாகின்றன. திருச்சி பெல் வளாகத்தில் 1975-இலிருந்து பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. கடலின்மேல் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் பற்றவைப்புகளைப் பரிசோதித்ததும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மீயொலி முறையில்தான்.

எங்கள் ஊரில் இயந்திரம் என்றாலே ஒரு வருத்தம் உண்டு. அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வந்து இறங்கியபோது அரம் பிடித்த பல கைகள் வேறு வேலைக்குப் போயின. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் எல்லா இயந்திரமும் ஒரே மாதிரி அல்ல என்று இந்த மேக்ரோ எனக்குச் சொல்கிறது. மலிவுக்காக வந்த இயந்திரம் பொருத்தத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லும். இந்தப் பற்றவைப்பு இயந்திரம் முந்தைய கையைவிடக் கறாரான பொருத்தத்தைக் கேட்கிறது. அதற்குள் எழுதி வைத்திருப்பதும் புதுச் சரக்கு அல்ல. மூன்று மணியில் வேகமெடு, ஆறு மணியில் குளத்தைச் சிறிதாக்கு, சுவரோரம் ஒரு கணம் நில் என்பவை எல்லாம் ராடு பிடித்து அடித்த பழைய வெல்டர்கள் தோளிலும் மணிக்கட்டிலும் வைத்திருந்த அறிவு. அதை யாரோ பொறுமையாக உட்கார்ந்து, நிலை நிலையாகப் பிரித்து, எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். கை போய்விடவில்லை, வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் 6ஜி என்ற குழாய்ப் பற்றவைப்புச் சான்றிதழ் வாங்கி வெளிநாடு போவது நல்லதுதான், போகட்டும். அதற்கு முன்னால் அவர்கள் அடித்த இணைப்பையே குறுக்கே அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, அமிலம் தொட்டு, அவர்கள் கையிலேயே கொடுங்கள். இரண்டு சுவரிலும் தீ எவ்வளவு கடித்திருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும். கடலில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். வருஷத்தில் ஒரு நாளாவது அவர்களை வகுப்புக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்.